வானத்தில் பித்தவெடிப்பு

தேர் ஓடி முடிந்த மறுநாள் காலையில் நெடும்பாறை ஊருக்கு மேலே வானத்தில் காலடித் தடங்கள் கிடந்தன. ஈரச் சிமெண்டில் யாரோ நடந்துபோனதுபோல, குதிகாலும் உள்ளங்கால் வளைவும் ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பதிந்து, ஒன்றன்பின் ஒன்றாக ரதவீதியின் மேலே நீளவாக்கில் போய், கோபுரத்தை ஒதுங்கிப் போக வேண்டுமே என்ற மரியாதைகூட இல்லாமல் அதன் உச்சிக்கு நேர் மேலாகவே தாண்டி, அந்தப் பக்கம் போயிருந்தன. காலையில் அந்தப் பள்ளங்களில் மேகம் கலங்கல் தண்ணீர்போலத் தேங்கி நின்றது, வெயில் ஏறியதும் வற்றியது, சாயங்காலம் ஒவ்வொரு விரல்குழியிலும் கொஞ்சம் சிவப்பு தங்கியது. இதற்கெல்லாம் ஆச்சரியப்பட ரதவீதிக்காரர்களுக்கு நேரமில்லை. எதைப் பார்த்தாலும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, இது நம்முடையதா இல்லையா என்பதுதான்.

நம்முடையதுதான் என்று முடிவு செய்தவர் ராஜரத்தினம். ஜவுளிக்கடை முதலாளியும் வர்த்தகர் சங்கத் தலைவரும் தேர்க் கமிட்டித் தலைவரும் அவர்தான் என்பதால், அவர் முடிவு செய்தால் குருக்கள் அதற்கு ஒரு சுலோகம் கண்டுபிடித்துவிடுவார். சாமி தேரிலிருந்து இறங்கி வானத்தில் உலாப் போயிருக்கிறார் என்று அன்று மத்தியானத்துக்குள் சொல்லியாகிவிட்டது. மொட்டைமாடிகளில் கற்பூரம் எரிந்தது, வாசல்களில் பாதக் கோலம் விழுந்தது, லாலா கடையில் பாதத்தின் வடிவத்தில் மைசூர்பாகு வெட்டி விற்றார்கள், அதில் பெருவிரல் துண்டுக்கு அடிதடி நடந்தது. சாமிக்கு வானத்தில் நடக்க வேறு ஊரே கிடைக்கவில்லை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அப்படி நம்புவதற்கு அவர்களிடம் எந்தத் தகுதியும் இருக்கவில்லை, ஆசை மட்டும் இருந்தது.

ராஜரத்தினம் பாதத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொன்னார். சொன்னது அமிர்தகௌரியிடம். ரதவீதி முக்கில் இருந்த ஸ்டுடியோ அவளுடையது. புருஷன் விட்டுப்போன கேமராவையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு அந்த ஊரின் முகங்களை வருஷக்கணக்காக வெள்ளையடித்து, தொப்பைகளைச் சீவி, காலண்டருக்கு எடுக்கும் பாறைப் படத்தில் வானத்தைத் துடைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மனிதர்களைவிட வானத்தின் மேல்தான் அவளுக்கு அதிக இளக்காரம். ஒரு மின்கம்பி குறுக்கே போகும், ஒரு மேகம் அசிங்கமாகக் கலைந்து நிற்கும், மழைக்கு முன்னால் அழுக்குத் துணிபோல மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பக்கத்திலிருந்து ஒரு துண்டு வானத்தை எடுத்து அதன்மேல் வைத்து ஓரத்தைத் தேய்த்துவிட்டால் போதும், அடங்கிவிடும். அதற்குப் பெயர் டச்சிங். வானத்துக்கு ஒழுங்கு தெரியாது, நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அவள் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெரிய லென்ஸ் வைத்து ஒரு தடத்தை எடுத்து, கல்யாண மண்டப வாசலில் வீட்டுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். கட்டியதும் கூட்டம் கும்பிட்டது. கும்பிட்ட கை மெல்ல இறங்கியது. குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது. ஒன்றிரண்டு கீறல் இல்லை, கோடைக் கண்மாயைப்போலப் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பின் ஓரங்கள் தடித்து, விரல்கள் அகன்று ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்ற கால். அதற்குப் பிறகுதான் தடங்கள் எங்கே தொடங்குகின்றன என்று பார்த்தார்கள். கிழக்கே, கீழத்தெருவுக்கு மேலே தொடங்கியிருந்தன.

கீழத்தெருக்காரர்கள் ரதவீதியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை, எழுதிவைக்கத் தேவையும் இருந்ததில்லை. திருவிழா நாட்களில் அதுவும் கிடையாது, அவர்கள் ரதவீதியிலேயே கால் வைக்கக் கூடாது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் கண்மாய், நடுவில் ரதவீதி. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் மேற்கே. வேறு வழி இல்லாத ஊரில் வழியை வைத்திருப்பவனே பெரிய மனுஷன் என்பதால் ரதவீதியில் பெரிய மனுஷர்களுக்குப் பஞ்சமே இல்லை.

அன்று சாயங்காலமே கற்பூரத்தை அணைத்தார்கள். கோலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஃப்ளெக்ஸைக் கிழித்து இறக்கினார்கள். மிச்சமிருந்த மைசூர்பாகை வெளியே கொட்ட மனசில்லாமல் உடைத்துத் தூளாக்கித் தின்றார்கள். தடம் எங்கே தொடங்குகிறது என்று அத்தனை பேர் பார்த்தார்கள், எங்கே போய் முடிகிறது என்று ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போலீசில் புகார் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர், வானம் எந்த ஸ்டேஷன் எல்லையில் வரும் என்று மேலே எழுதிக் கேட்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வயலுக்கு மருந்தடிக்கிற டிரோனை வாடகைக்கு எடுத்து, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, தடங்களைப் பூசி மறைக்கப் பார்த்தார்கள். சுண்ணாம்பு மேலே ஒட்டவில்லை, கீழே நின்று கைகாட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தவர்களின் தலையில்தான் ஒட்டியது. நடந்தது யாரென்று கண்டுபிடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்குக் கீழத்தெரு ஆட்களின் கால்களைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது. குனிவது அவர்கள் வழக்கமில்லை.

கடைசியில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்கள். மேலே பார்ப்பதை நிறுத்தினார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் புது வீட்டுக்கும் எடுத்த படங்களில் மட்டும் அந்தக் கால் வந்து விழுந்துகொண்டே இருந்தது. மணமக்கள் தலைக்கு மேலே ஒரு குதிகால், மாடிவீட்டின் உச்சியில் ஒரு பெருவிரல். அமிர்தகௌரிக்கு வேலை குவிந்தது. வெட்டினாள், ஒட்டினாள், தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பழைய படத்தின் மேலேயே புதிதைப் பதிந்துவைத்தாள், தடம் உள்ள படம் எதற்கு என்று. சுத்தமான வானத்தைக் கையில் வாங்கி, "பாரு, எவ்வளவு அம்சமா இருக்கு நம்ம ஊரு" என்று ஒருவருக்கொருவர் காட்டி, அந்த வானத்தின் கீழ்தான் வாழ்கிறோம் என்று சீக்கிரத்திலேயே நம்பிவிட்டார்கள். மழை வருமா என்று பார்க்கக்கூட மொபைலில் இருந்த படத்தைத்தான் பார்த்தார்கள். மழை வந்து துணி நனைந்தபோது படத்தைக் குறை சொன்னார்கள்.

ஒருநாள் மத்தியான வேளையில் ஸ்டுடியோ படிக்கட்டின் கீழே மொக்கத்தாய் வந்து நின்றாள். பள்ளிக்கூடம் கூட்டிப் பெருக்குகிறவள், கீழத்தெரு. ஒரு கையில் செருப்பு, இன்னொரு தோளில் கைக்குழந்தை. பின்னால் அவள் மகள் ஜான்சி.

"போட்டோ எடுக்கணும் தாயி. பேத்திக்கு."

"உள்ள கூட்டிட்டு வா" என்றாள் அமிர்தகௌரி, சோற்றுக்கையைக் கழுவிக்கொண்டே.

"உள்ள வேண்டாம். வெளிய வச்சு எடுக்கணும். மேல உள்ளது நல்லா விழணும்."

"மேல என்ன இருக்கு?"

"காலு."

அமிர்தகௌரி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஊரே அதை எடுத்துரு எடுத்துருன்னு நிக்குது. நீ வைக்கச் சொல்றே."

"அவுக எடுக்கச் சொல்றதுக்கு அது அவுக காலா? அது ஏங் காலு தாயி."

அமிர்தகௌரி முதலில் கீழே பார்த்தாள். படிக்கட்டின் சூடான சிமெண்டில் நின்ற அந்தக் கால்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் ஒவ்வொரு வெடிப்பின் மேலும் அவள் பக்கத்து வானத்தை எடுத்து ஒட்டியிருக்கிறாள்.

"எப்ப நடந்தே?"

"தேரன்னைக்கு. இவளுக்கு வலி கண்டுருச்சு. ஆம்புலன்ஸு தேருக்கு அந்தப் பக்கமே நின்னுபோச்சு. வடம் கெடக்கு, தாண்டக் கூடாதுன்னாக. நான் போயி, தெரு முக்குல நின்னே ராஜரத்தினம் மொதலாளிகிட்ட கேட்டேன். தேரு நெலைக்கு வரட்டும், பெறகு போகலாம்னாரு. தேரு சாயங்காலந்தான நெலைக்கு வரும். இவளுக்குத் தண்ணிக்கொடம் ஒடைஞ்சுருச்சு. தூக்கி இடுப்புல வச்சேன். கீழ வழி இல்ல. மேல வச்சேன் காலை."

"நின்னுச்சா?"

"மொத அடி வழுக்குச்சு. ரெண்டாவது அடி நின்னுச்சு. பெறகு நடக்க வேண்டியதுதான."

"பயமா இல்லையா?"

"தேரைவிட ஒசரமாப் போறமே, ஏதும் சொல்லுவாகளோன்னு கொஞ்சம் பயந்தேன். இவ கத்துன கத்துல அதுவும் மறந்துபோச்சு. கீழ மேளச் சத்தம், கூட்டம் பூராத் தேரையே பாத்துச்சு, ஒருத்தரும் அண்ணாந்து பாக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குனேன். உள்ள போன கொஞ்ச நேரத்துல இது பெறந்துருச்சு." குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "வளந்த பெறகு சொன்னா நம்பாதுல்ல. படம் இருந்தா நம்பும்."

பின்னால் நின்ற ஜான்சி ஓரடி முன்னால் வந்தாள். "எங்கம்மா திரும்பி வரும்போது கீழதான் வந்துச்சு அக்கா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு" என்றாள்.

அமிர்தகௌரி கம்ப்யூட்டரில் தேடிப்பார்த்தாள். எந்தப் படத்திலும் தடம் மிச்சமில்லை, அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள். கேமராவை எடுத்துக்கொண்டு அவர்களைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனாள். வானம் நிறைய விழ வேண்டுமென்றால் எடுப்பவள் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். ரதவீதியில் பிறந்த அமிர்தகௌரி சேற்றில் முதுகை வைத்துப் படுத்தாள். லென்ஸில் மொக்கத்தாயும் மகளும் குழந்தையும், அவர்களுக்கு மேலே ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அந்தத் தடங்களும் வந்தன. குதிகால்கள் விரல்களைவிட ஆழமாகப் பதிந்திருந்தன. நிறைமாதக்காரியைச் சுமந்து நடந்தவளின் பாரம் அது. இதைத்தான் இத்தனை நாள் அழுக்கென்று துடைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வந்தது அழுகையில்லை, காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. யார் மேல் துப்புவது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. அந்த வரிசையில் முதலில் அவள்தான் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க கால் தெரியணும்" என்றாள். மொக்கத்தாயை அவள் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மொக்கத்தாய் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு பிரதியை அவளிடம் கொடுத்து, இன்னொன்றைச் சட்டம் போட்டு ஸ்டுடியோ கண்ணாடிக்குள் வைத்தாள் அமிர்தகௌரி. ஜனங்கள் ஸ்டுடியோவைத் தாண்டும்போது எதிர்வரிசைக்கு மாறி நடக்க ஆரம்பித்தார்கள். ராஜரத்தினம் மட்டும் நேரே வந்தார்.

"ஏம்மா அமிர்தம், என்ன இது?"

"போட்டோ அண்ணாச்சி."

"டச்சிங் பண்ணலையா?"

"அவங்க வேண்டாம்னுட்டாங்க."

"அவங்களா?" என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். படத்தில் நின்ற கால்களையும் மேலே இருந்த கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப ஆளு கிடைச்சாச்சு."

மறுநாள் கல்யாண மண்டபத்து வாசலில் கூட்டம் போட்டார்கள். மொக்கத்தாயை வெயிலில் நிற்கவைத்து, அவள் முன்னால் ஒரு வாளியும் பினாயிலும் தென்னை விளக்குமாறும் வைத்தார்கள். ஏறிப்போய் அழித்துவிட்டு வர வேண்டும், அதுதான் தீர்ப்பு. அது நடக்கிற காரியமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் ஏணி வேண்டுமானால் தன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"அன்னைக்கு ஏறியே ஆகணும்னு இருந்துச்சு, ஏறுனேன்" என்றாள் மொக்கத்தாய். "தொடைக்கிறதுக்குன்னு ஏறுனா ஏறாதுங்க."

"போடத் தெரியுது, அழிக்கத் தெரியாதோ" என்றார் ராஜரத்தினம்.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து அமிர்தகௌரி பேசினாள். "எதுக்குப் போனாங்கன்னு ஒருவார்த்தை கேளுங்க அண்ணாச்சி. உங்ககிட்ட வந்து வழி கேட்டாங்களாம்."

அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்தது. ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதை எச்சிலோடு விழுங்கிக்கொண்டார். "எதுக்குப் போனான்னு இங்க பேச்சே இல்ல. எதுமேல போனாங்கறதுதான் பேச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுடைய அறிவெல்லாம் கழுத்து வரைக்கும்தான், ஆட்டுவதற்கு வசதியாக. வானம் பழையபடி சுத்தமாகும்வரை கீழத்தெரு ஆட்கள் ஒருவரும், செருப்போடும் சரி, செருப்பில்லாமலும் சரி, ரதவீதியில் கால் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் விடிந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டியவர்கள் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது. மில்லுக்குப் போகிறவர்களுக்கு மில் பஸ், காய்ச்சல்காரனுக்கு ஊசி, மொக்கத்தாய்க்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை. கீழே வழியில்லை. கீழத்தெரு முக்கில் மொக்கத்தாய் முதலில் காலைத் தூக்கி மேலே வைத்தாள். "மொத அடி வழுக்கும். பதறாதீங்க" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னாள். பின்னாலேயே பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஏறினார்கள், தூக்குவாளியோடு பெண்கள் ஏறினார்கள், ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினார். வழுக்கியது, நின்றது, நடந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் தெரு கீழே கிடந்ததால் எல்லோரும் செருப்போடு நடந்தார்கள்.

செருப்புக்குத் தூசி உண்டு. கீழத்தெருவில் ரோடு போட்டிருந்தால் அவ்வளவு தூசி இருந்திருக்காது. ரோட்டுக்கு வந்த தார் எல்லாம் ரதவீதியின் மேலேயே இரண்டு தடவை ஊற்றப்பட்டதால், கீழத்தெருவின் செம்மண் மொத்தமும் காலையிலும் சாயங்காலமும் ரதவீதியின் தலையில் கொட்டியது. துணிக்கடை பொம்மைகள் சிவந்தன. குருக்களின் குடுமியில் மண் படிந்தது. அண்ணாந்து பார்த்தால் மேலே ஆட்கள் இருப்பதாக ஆகிவிடும் என்பதால் அவர்கள் பார்க்கவில்லை, குடை வாங்கினார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ரதவீதி முழுக்கக் கறுப்புக் குடைகள் விரிந்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தன. ஒருவரும் ஒருவரையும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒருகட்டத்தில் ராஜரத்தினமே ஆள் அனுப்பினார், தீர்மானத்தைத் தளர்த்தியாயிற்று, பழையபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழேயே வரலாம் என்று. மொக்கத்தாய் வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "மேல காத்தோட்டமா இருக்குன்னு சொல்லிரு தம்பி" என்று அனுப்பிவைத்தாள்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு விழா மலர் ஒன்று அச்சிட முடிவாயிற்று. முதல் பக்கத்துக்குப் பாறையும் கோபுரமும் பின்னால் தெரிய ரதவீதிப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரும் நிற்கிற படம். வெளிச்சம் சாயங்காலம்தான் நன்றாக இருக்கும் என்று அமிர்தகௌரி சொன்னாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டது. பட்டு அங்கவஸ்திரத்தோடு வரிசையாக நின்ற எல்லோரும் பழக்கதோஷத்தில் குடையை விரித்தார்கள். மேலே பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். அவள் எடுத்தாள்.

"மேல உள்ளதை மட்டும் எடுத்துரும்மா" என்றார் ராஜரத்தினம்.

"அதை எடுக்கமாட்டேன் அண்ணாச்சி."

"பின்ன?"

"வேணும்னா கீழ உள்ளதை எடுத்துத் தர்றேன். ஒரு நிமிஷ வேலை."

அதோடு ரதவீதியில் அவளுக்கு வேலை நின்றது. கீழத்தெருவில் கல்யாணமும் காதுகுத்தும் இல்லாமலா போயிற்று, அவள் பட்டினி கிடக்கவில்லை. ராஜரத்தினம் படத்தை எடுத்துக்கொண்டு வெளியூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்குப் போனார். அவர்கள் கெட்டிக்காரர்கள். சொன்னதைச் சொன்னபடி, தடங்களையும் பிள்ளைகளையும் கொட்டிய மண்ணையும் ஒரு பொட்டு விடாமல் துடைத்து, நீலத்தை ஏற்றி, அழகுக்கு ஓரமாக ஒரு வெள்ளை மேகத்தையும் வைத்துக் கொடுத்தார்கள். சொல்லாததை அவர்கள் செய்யவில்லை. மலர் அச்சாகி வந்தது. பளபளப்பான தாளில், ஒரு குறையும் இல்லாத வானத்தின் கீழே, நெடும்பாறையின் பெரிய மனுஷர்கள் எல்லோரும் குடைகளைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடி நின்றார்கள். ரதவீதியில் ஒருவருக்கும் அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ராஜரத்தினத்தின் மகளைப் பெண் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் சுவரிலிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை.

"அன்னைக்கு மழைங்களா?"

"இல்லையே" என்றார் ராஜரத்தினம்.

"அதானுங்க பார்த்தேன், வானம் அப்படிச் சுத்தமா இருக்குது. வெயிலுமில்லையாட்ட இருக்குதே."

ராஜரத்தினம் படத்தைத் திரும்பிப் பார்த்தார். தன்னையும், தன் கையிலிருந்த குடையையும், அதற்கு மேலே ஒன்றுமே இல்லாத நீலத்தையும் அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சேர்த்துப் பார்த்தார் என்று தோன்றியது. காது மடல் சிவந்தது.

"தூசிங்க" என்றார் மெதுவாக.

"தூசியா? எங்கிருந்துங்க வருது?"

அப்போது வீட்டுக்கு மேலே செருப்புகள் சரசரக்கும் சத்தமும், ஓடாதே, கையைப் பிடிச்சுக்கிட்டு நட என்று யாரோ ஒரு அம்மா பிள்ளையை அதட்டுவதும் தெளிவாகக் கேட்டது. கோயம்புத்தூர்க்காரர் முகத்தைத் தூக்கினார்.

"காப்பி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு ராஜரத்தினம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.